அம்மா குதிரை பார்க்கப் போனது

திருத்தணி
1 செப்டம்பர் 2024

அன்புள்ள ஜெமிமா அக்காவுக்கு,

கடிதம் எழுதுவதற்கே முதலில் மன்னித்துக்கொள். தினமும் போனில் பேசுகிறோமே, இவளுக்கு எதற்குத் தபால் என்று நினைப்பாய். உறை வாங்கப் போனபோது தபால் ஆபீஸில் துளசிங்கம் சாரும் அதையேதான் கேட்டார். "லண்டனுக்கா? ஏம்மா, உங்கக்காகிட்ட போன் இல்லியா?" போனில் நீயே கேள்வி கேட்டு, நீயே பதில் சொல்லி முடித்துவிடுகிறாய். நான் "ஆங்" என்று சொல்லி வைத்துவிடுகிறேன். மீதியைச் சமையலறையில் பாத்திரங்களிடம்தான் பேசுகிறேன். பேனாவைப் பிடித்தால் மட்டும் எனக்கு வாய் திறக்கிறது.

இங்கே எல்லோரும் சுகம். நைனாவுக்கு முட்டி வலி. ஆனாலும் சர்ச் மணிக்கயிற்றை வேறு யார் கையிலும் தரமாட்டேன் என்கிறார். நீயும் பாவாவும் உங்கள் பிள்ளை குட்டி ஜெபசீலனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பதினான்காம் தேதி அம்மா விமானம் ஏறுகிறார்கள். மார்ச்வரை அங்கே இருப்பார்கள் என்று நீயும் பாவாவும் முடிவு செய்துவிட்டீர்கள். நான் போக வேண்டாம் என்றுதான் சொன்னேன், அது உனக்கும் தெரியும். இத்தனை வருடம் சத்துணவுக் கூடத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆக்கிப்போட்டு, இந்த மே மாதம்தான் ரிட்டயர் ஆனார்கள். அடுத்த அடுப்பு லண்டனிலா என்று எனக்குக் கோபம்.

அம்மா சம்மதித்தது ஒரே ஒரு காரணத்துக்காக. "கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் இங்க பெரிய ஹாலுக்குள்ள குதிரைப் போட்டி நடக்கும்மா, உலகத்துல இருந்தெல்லாம் வருவாங்க, உன்னைக் கூட்டிட்டுப் போறேன்" என்று நீ சொன்னாய். ரயிலடியிலிருந்து மலையடிவரை ஜட்கா ஓட்டியவரின் மகள் அவர்கள். குதிரைக்குப் புல் போட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனவர்கள். அன்றிலிருந்து ஒரே கேள்வி: "கூரைக்குள்ள எப்படிடி குதிரை தாண்டும்? தலை இடிக்காது?"

நான் நான்கு இங்கிலீஷ் வாக்கியம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தண்ணீர் கேட்க ஒன்று, பாத்ரூம் கேட்க ஒன்று, எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று சொல்ல ஒன்று. நான்காவது, கூட்டத்தில் உன்னைக் காட்டிச் சொல்ல: "ஷீ இஸ் மை டாட்டர்." முதல் மூன்றையும் கடமைக்கு ஒப்பித்துவிட்டு, நான்காவதை மட்டும் என்னைக் காட்டிக் காட்டிச் சொல்லிப் பார்க்கிறார்கள்.

அம்மாவைக் குதிரை பார்க்கக் கூட்டிப் போ அக்கா. வேறொன்றும் கேட்கவில்லை.

அன்புடன்,
பெர்சிஸ்


லண்டன்
28 செப்டம்பர் 2024

டியர் பெர்சி,

கடிதமா! கையெழுத்தைப் பார்த்ததும் ஊரில் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டேன். பாவா உறையைப் பிரித்துவிட்டுச் சிரித்தார். "உன் தங்கச்சி பி.ஏ. இங்கிலீஷ் முடிச்சிட்டு தமிழ்ல கோபப்படறாளே!" சரி, நீ எழுதினால் நானும் எழுதுகிறேன்.

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அம்மா பத்திரமாக வந்து சேர்ந்தார்கள். விமானத்தில் கொடுத்த ஸ்பூனைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்களாம். ஜெபசீலன் இரண்டே நாளில் ஒட்டிக்கொண்டான். இப்போது என்னிடம் வருவதே இல்லை. அவனைப் பகலில் விடுகிற குழந்தைகள் காப்பகத்தை நிறுத்திவிட்டோம். வீட்டில் பாட்டி இருக்கும்போது எதற்கு? நானும் நைட் ட்யூட்டி கூடுதலாக எடுத்துக்கொள்கிறேன். அம்மா வந்தது எவ்வளவு உதவி என்று உனக்குப் புரியாது, உனக்குக் கல்யாணம் ஆனால் புரியும்.

ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வீட்டில் ஹீட்டர் இருக்கிறது. நீ கவலைப்படாதே. நைனாவை மாத்திரையை ஒழுங்காகப் போடச் சொல். உரக்கடை வேலை எப்படி? கனகம்மாசத்திரம் பஸ்ஸில் இன்னும் நின்றுகொண்டுதான் போகிறாயா?

அன்புடன்,
ஜெமிமா


லண்டன்
27 அக்டோபர் 2024

அன்பு மகள் பெர்சிக்கு அம்மா எழுதிக்கறது. நான் நல்லா இருக்கேன். நீயும் நைனாவும் நல்லா இருக்கீங்கன்னு கர்த்தரை நம்பி இருக்கேன். போன்ல பேசும்போது அக்கா ஸ்பீக்கர்ல போட்டுடறா, எல்லாரும் கேட்டுகினு இருக்காங்க, அதான் நானும் உன்னை மாதிரி எழுதிடலாம்னு.

இங்க வீடு சுத்தம். தூசியே இல்லை. எனக்குத்தான் பெருக்கறதுக்கு ஒண்ணும் இல்லாம கை அரிக்குது. காலையில அக்கா தூங்குவா, பாவா போயிடுவாரு. நானும் குட்டிப் பையனும் ஜன்னல்ல நின்னுகினு பஸ்ஸு பாப்போம். மூணரை மணிக்கே இருட்ட ஆரம்பிச்சிடும்னு சொல்றாங்க, இன்னும் வரலை. தண்ணி சில்லுன்னு இருக்கு, கையில கொஞ்சம் வெடிப்பு. தேங்காண்ணெ தடவிகினு இருக்கேன். அக்காகிட்ட சொல்லாத, அவளுக்கு வேலை ஜாஸ்தி.

குதிரைப் போட்டிக்கு பாவா ஆபீஸ்ல டிக்கெட் வந்திருக்காம். அவரோட மேனேஜரும் மேனேஜர் சம்சாரமும் வராங்களாம். பையனை யார் பாத்துக்கறதுன்னு பேச்சு வந்துச்சு. ரெண்டு பேரும் என்னைப் பாத்தாங்க. நானே சொல்லிட்டேன், நீங்க போயிட்டு வாங்க, எனக்குக் குளிரு ஒத்துக்காதுன்னு. டிவியில காட்டுவாங்களாம். டிவியிலயே பாத்துக்கலாம், தலையும் இடிக்காது.

பக்கத்து வீட்டு எல்லம்மாகிட்ட நான் விசாரிச்சேன்னு சொல்லு. அதோட மாடு கன்னு போட்டுச்சா?

உன் அம்மா
பிரேமகுமாரி


திருத்தணி
10 நவம்பர் 2024

அக்காவுக்கு,

நீ, பாவா, குழந்தை மூவரின் சுகத்துக்காகவும் ஜெபிக்கிறோம். நாங்கள் நலம். சுகம் விசாரிக்கிற பகுதி இத்துடன் முடிந்தது.

அம்மாவின் கடிதம் வந்தது. அதில் உன்னைப் பற்றி ஒரு குறைகூட இல்லை. இருந்திருந்தால் நான் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டேன். "நானே சொல்லிட்டேன்" என்று எழுதியிருக்கிறார்கள். அம்மா தானாக எதை வேண்டாம் என்று சொல்வார்கள், எப்போது சொல்வார்கள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டில் மூன்று மீன் துண்டு இருந்தால் அம்மாவுக்கு மீன் பிடிக்காது. நாம் இருவரும் அந்த வீட்டில்தான் வளர்ந்தோம்.

கூட்டிப் போகிறேன் என்று சொன்னது நீ. அந்தப் பேச்சைக் காட்டித்தான் அம்மாவை விமானத்தில் ஏற்றினாய். இப்போது டிக்கெட் வந்ததும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்படுகிறது. நேற்று குழாயடியில் எல்லம்மாள் அத்தை எல்லோர் முன்னாலும் கேட்டார்: "இன்னா பெர்சி, உங்கம்மா லண்டனுக்கு குதிரை பாக்கப் போச்சா, புள்ள பாக்கப் போச்சா?" சிரிப்பு அடங்க நேரமானது. குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வாசல்வரை வந்தபிறகுதான் தெரிந்தது, அதில் பாதித் தண்ணீர்தான் இருந்தது.

அம்மா இல்லாமல் இங்கே சர்ச்சில் பாட்டு நொண்டுகிறது. அம்மா ஓர் அடியை எடுத்துக் கொடுத்து நிறுத்த, சபை அதை வாங்கிப் பாட, அடுத்த அடியை அம்மா எடுக்க, அப்படியே பழகிவிட்டோம் இல்லையா? இப்போது வசந்தி டீச்சர் எடுத்துக் கொடுக்கிறார். யாருக்கும் எட்டாத உயரத்தில் ஆரம்பிக்கிறார். ஆண்கள் பக்கம் இரண்டாவது அடியிலேயே கழன்றுகொள்கிறார்கள். சின்ன வயதில் முன்வரிசையில் உட்கார்ந்து, அம்மா எடுத்துக் கொடுத்ததும் முதலில் வாங்குகிற குரல் உன்னுடையதுதான் என்று போன வாரம் நைனா சொன்னார். எனக்கு ஞாபகம் இல்லை. நான் அப்போது கைக்குழந்தை.

அம்மாவைக் கூட்டிப் போகவில்லை என்றால், கிறிஸ்துமஸ் அன்று உனக்குப் போன் செய்ய மாட்டேன். நான் பேசுவதே குறைவு என்பதால் இது உனக்குப் பெரிய தண்டனை இல்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பெர்சிஸ்


லண்டன்
26 நவம்பர் 2024

பெர்சிஸ்,

நலம். கூட்டிப் போகிறோம். குழந்தையைப் பாவாவின் நண்பர் வீட்டில் விட ஏற்பாடு செய்தாகிவிட்டது. மேனேஜரிடம் கேட்டு இன்னொரு இடமும் வாங்கியாகிவிட்டது. பாவாவுக்கு அதில் எவ்வளவு சங்கடம் என்று நான் எழுதப்போவதில்லை.

ஊர்க் குழாயடியில் என் வீட்டு விஷயத்தைப் பேச வேண்டாம்.

ஜெமிமா


லண்டன்
20 டிசம்பர் 2024

அன்பு மகள் பெர்சிக்கு அம்மா ஆசீர்வாதத்தோட எழுதிக்கறது. இந்தக் கடிதம் கெடைக்கும்போது கிறிஸ்துமஸ் முடிஞ்சிருக்கும். நைனாவுக்குப் புது வேட்டி எடுத்தியா? அரக்கோணம் போய் எடு, இங்க கடையில ஒண்ணுக்கு ரெண்டா சொல்லுவாங்க.

பெர்சி, நான் குதிரை பாத்துட்டேன்!

அப்பா, இன்னா கட்டடம்! அரக்கோணம் ஜங்ஷனையே தூக்கி ஒரு கூரைக்கடியில வெச்ச மாதிரி. நடுவுல மண்ணு கொட்டி வெச்சிருக்காங்க. நான் வீட்டுக்குள்ள வர்ற மண்ணையெல்லாம் பெருக்கித் தள்ளறேன், இவங்க காசு குடுத்துக் கொட்டிகினு இருக்காங்க. குதிரைங்க ஒவ்வொண்ணும் எங்கப்பா குதிரை மாதிரி ரெண்டு இருக்கும். கட்டையைத் தாண்டும்போது நானும் சீட்ல கூடவே எழும்பி எழும்பி உட்கார்ந்தேன். கூரை ரொம்ப ஒசரம், தலையெல்லாம் இடிக்கலை. ஒரு வெள்ளைக் குதிரை கட்டைகிட்ட வந்து நின்னுடுச்சு, தாண்டமாட்டேன்னுடுச்சு. மேல இருந்த பொண்ணு அதை அடிக்கலை, கழுத்தைத் தட்டிக் குடுத்துது. எங்கப்பாவா இருந்தா ஒண்ணு வெச்சிருப்பாரு.

அப்பறம் நடுவுல வெளக்கெல்லாம் அணைச்சாங்க. சின்னச் சின்ன வெளக்கு மட்டும். பேண்டு வாசிச்சாங்க. பாத்தா, நம்ம சர்ச்ல ராத்திரி ஆராதனையில மெழுகுவத்தி ஏத்தும்போது பாடுவோமே, அதே ராகம்! எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. ஷூவைக் கழட்டி சீட்டுக்கடியில வெச்சேன். முக்காடு போட்டுகினு எழுந்து நின்னேன். யாரும் பாடாம இருந்தாங்களா, சரி, எடுத்துக் குடுக்க ஆள் இல்லை போலன்னு நானே எடுத்துக் குடுத்தேன். குடுத்துட்டு நிறுத்தினேன். ஒருத்தரும் வாங்கலை. ரெண்டாவது அடியும் குடுத்தேன். இந்த ஊர்க்காரங்களுக்கு தமிழ்ப் பாட்டு எப்படித் தெரியும், எனக்குத்தான் புத்தியில்லை. ஆனா நடுவுல உட்காரக் கூடாதில்ல, அதனால முடியறவரைக்கும் நின்னேன்.

ஒரு பையன் வந்தான், கோட்டு போட்டுகினு, நல்ல மரியாதையான பையன். ஏதோ கேட்டான். நீ சொல்லிக் குடுத்த இங்கிலீஷ் அப்போ நல்லா உதவிச்சு. அக்காவைக் காட்டி "ஷீ இஸ் மை டாட்டர்"னு சொன்னேன். அவன் அக்காகிட்ட திரும்பி ஏதோ கேட்டான். அக்காவும் ஏதோ சொன்னா. பேண்டு சத்தத்துல எனக்குக் காதுல விழலை. என் இங்கிலீஷு அவனுக்குப் புரியலை போல. கையைப் புடிச்சு வெளிய கூட்டிகினு போனான்.

அதுவும் நல்லதுக்குத்தான். வெளிய ஒரு நடை மாதிரி இருந்துச்சு. ஒரு கம்பித் தடுப்பு. அந்தப் பக்கம் குதிரைங்களை நடத்திகினு போறாங்க! கிட்டத்துல! ஒரு பொண்ணு ஒரு குதிரைக்குப் பிடரி மயிரைப் பின்னிகினு இருந்துச்சு, நான் உனக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னுவேனே, அந்த மாதிரி. நான் பாக்கறதைப் பாத்துட்டு குதிரையைக் கிட்ட கொண்டாந்துச்சு. உள்ளங்கையில மூக்கை வெச்சுது பெர்சி. அதே வாசனை. குதிரைக்கு மேல கம்பளி போத்தியிருந்தாங்க, என் ஸ்வெட்டரைவிட தடிமன். ஆட்டம் முடிஞ்சு கூட்டமெல்லாம் வெளிய வர்றவரைக்கும் அங்கயே நின்னுகினு இருந்தேன். காலுதான் கொஞ்சம் வெறைச்சுப் போச்சு.

அக்கா வந்து கூட்டிகினு போனா. ஒரு வார்த்தை திட்டலை. ரயில்ல யாரும் பேசலை, அசதி.

அக்கா நல்ல பொண்ணு. நீ அவளை ஒண்ணும் எழுதிக் கேக்காத.

அம்மா


லண்டன்
21 டிசம்பர் 2024

பெர்சி,

சுகம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். கிறிஸ்துமஸ் வாழ்த்து.

நீ பிடிவாதம் பிடித்தாய். நாங்கள் கூட்டிப் போனோம். என்ன நடந்தது என்று அம்மா எழுதினார்களா? பாதி நிகழ்ச்சியில், ஆயிரக்கணக்கான பேர் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது, முக்காடு போட்டு எழுந்து நின்று தமிழில் பாட ஆரம்பித்தார்கள். அதுவும் நம் ஊரில் பாடுகிற சத்தத்தில். ஓர் அடி பாடுவதும் நிறுத்திச் சுற்றிப் பார்ப்பதும். பாவா புடவையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. பின்னால் இருந்தவர்கள் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். மேனேஜரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். காலில் ஷூகூட இல்லை. பாவா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அங்கே வேலை செய்கிற ஒருவர் அம்மாவைக் கொஞ்சம் காற்றாட வெளியே அழைத்துப் போனார். நிகழ்ச்சி முடிந்ததும் நான் போய்க் கூட்டி வந்தேன். அவ்வளவுதான்.

இதை ஊரில் யாரிடமும் சொல்ல வேண்டாம். முக்கியமாக எல்லம்மாள் அத்தையிடம். அடுத்த முறை எதையாவது கட்டாயப்படுத்துவதற்கு முன்னால் இந்த ஊர் எப்படி, இங்கே நாங்கள் எப்படி இருக்க வேண்டியிருக்கிறது என்று யோசி. படித்தவள்தானே நீ.

ஜெமிமா


திருத்தணி
4 ஜனவரி 2025

அக்கா,

இரண்டு கடிதமும் நேற்று ஒன்றாக வந்தன. தபால்காரர் கந்தன் அண்ணன், "ரெண்டும் ஒரே வீட்டுல இருந்துதானே வருது, ஒரே உறையில போட்டா இன்னாவாம்?" என்றார். அதற்குப் பதில் படித்தபிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நைனா சுகம். நானும் சுகம்தான். படித் திருவிழாக் கூட்டம் இப்போதுதான் வடிந்தது. வழக்கம்போல் வாசலில் தண்ணீர்ப் பானை வைத்தோம். மலையேறுகிறவர்களில் பாதிப்பேர் "அம்மா எங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் குடித்தார்கள். அம்மாவை இவ்வளவு பேர் தேடுகிற ஊரில் உட்கார்ந்து உன் கடிதத்தைப் படித்தேன்.

நீ அவமானப்பட்டதாக எழுதியிருக்கிறாய். எது அவமானம்? கிறிஸ்துமஸ் பாட்டைக் கேட்டு ஒரு கிறிஸ்தவப் பெண் எழுந்து நின்றதா? காசு கொடுத்து வந்தவர்கள் அந்தப் பாட்டைச் சும்மா கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதை ஆராதனை என்று நம்பியது அம்மா ஒருத்திதான். சுற்றிப் பார்த்தார்கள் என்கிறாயே, ஏன் பார்த்தார்கள் என்று உனக்குத் தெரியாதா? வாங்கிப் பாட ஆள் இருக்கிறதா என்று பார்த்தார்கள். பக்கத்திலேயே நீ இருந்தாய். உனக்கு அந்த அடி தெரியும். நீ வாங்கவில்லை. அதைக்கூட நான் விட்டுவிடுகிறேன். எனக்கும் கூட்டத்தில் குரல் வராது. நானாக இருந்தாலும் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்திருப்பேன்.

நான் விட முடியாதது வேறு. "காற்றாட வெளியே அழைத்துப் போனார்" என்று நீ எழுதியிருக்கிறாய். டிசம்பரில், காலுறையோடு, ஷூவைச் சீட்டுக்கடியில் விட்டுவிட்டு, ஒரு நடையில், ஆட்டம் முடிகிறவரை. ஷூ உன் காலடியில்தான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓட உனக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? குதிரைக்குக் கம்பளி போர்த்துகிற இடத்தில் அம்மா கால் விறைக்க நின்றிருக்கிறார்கள்.

இன்னொன்று. அந்தப் பையன் அம்மாவிடம் பேசினான். அம்மா உன்னைக் காட்டி "ஷீ இஸ் மை டாட்டர்" என்றார்கள். தன் இங்கிலீஷ் அவனுக்குப் புரியவில்லை போல என்று எழுதியிருக்கிறார்கள். நேற்று முழுவதும் நான் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேனா என்று அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கடையில் பில் போடும்போதுகூட. அதைவிட எளிய இங்கிலீஷ் கிடையாது அக்கா. நீயும் நானும் ஒன்றாம் வகுப்பில் படித்தது. அவனுக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் உன் பக்கம் திரும்பினான்.

அவன் உன்னிடம் என்ன கேட்டான்? நீ என்ன சொன்னாய்?

என் வாழ்க்கையில் யாரிடமும் இப்படி நேராகக் கேட்டதில்லை. எழுதியதை இரண்டு தடவை படித்துவிட்டேன். அதை அடிக்கப்போவதில்லை.

பெர்சிஸ்


லண்டன்
9 பிப்ரவரி 2025

பெர்சி,

ஒரு மாதமாக உன் கடிதம் என் யூனிஃபார்ம் பையில் இருக்கிறது. நாங்கள் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம். குழந்தைக்குச் சளி பிடித்திருக்கிறது. மார்ச் எட்டாம் தேதி சனிக்கிழமை அம்மாவுக்கு டிக்கெட்.

"இவர் உங்களோடு வந்தவரா" என்று கேட்டான். நான் "நோ" என்று சொன்னேன்.

அந்த ஒரு நிமிடம் அந்த வரிசையே என்னைப் பார்த்தது. வார்டில் ஒவ்வொரு நாளும் என் பேச்சைத் திருப்பிச் சொல்லச் சொல்கிறார்கள், என் டிபன் வாசனைக்கு ஜன்னலைத் திறக்கிறார்கள். இங்கே யாரும் திரும்பிப் பார்க்காத ஆளாக ஆக எனக்கு ஏழு வருடம் ஆனது. வாயிலிருந்து வந்துவிட்டது. இது சாக்கு இல்லை. கேட்டாய், எழுதுகிறேன்.

அம்மாவுக்கு இது தெரியாது. அவர்கள் காதில் விழவில்லை. தயவுசெய்து நீயும் சொல்லாதே.

ஒன்று மட்டும். அதற்குப் பிறகு அம்மா பாடுவதில்லை. பாத்திரம் கழுவும்போதுகூட. குழந்தை தூங்குவதற்குப் பாட்டுக் கேட்டு அழுதால், முதுகைத் தட்டிக் கொடுக்கிறார்கள்.

ஜெமிமா


திருத்தணி
20 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

குழந்தைக்குச் சளி இறங்கியதா? அம்மாவிடம் சொன்னால் கற்பூரவள்ளி கேட்பார்கள், அங்கே கிடைக்காது. வெந்நீர் ஒத்தடம் கொடு, நர்ஸுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இங்கே நாங்கள் நலம். எல்லம்மாள் அத்தை வீட்டு மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. சீம்பால் கொண்டு வந்து கொடுத்தபோது அத்தை கேட்டார்: "உங்கம்மா குதிரை பாத்துச்சா இல்லியா, அதைச் சொல்லு மொதல்ல." நான் சொன்னேன்: "பாத்தாங்க. குதிரை அவங்க கையில மூக்கை வெச்சுது." அத்தை இன்னும் ஒரு கரண்டி சீம்பால் ஊற்றினார். அத்தைக்கு நான் பதில் சொன்னது இதுதான் முதல் தடவை.

கோபம் போய்விட்டது என்று எழுதமாட்டேன். போகவில்லை. உன் வார்டில் ஜன்னலைத் திறக்கிறவர்கள்மீதும் கோபம் வந்தது, அதுவும் சேர்ந்துகொண்டது. நீ உண்மையை எழுதியதால் உன்னை நேரே பார்த்துக் கோபப்பட முடிகிறது. முன்பு சுவரைப் பார்த்துக் கோபப்பட்டேன்.

ஆனால் அம்மாவுக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் நம்பாதே. ஆர்மோனியத்தில் ஒரு கட்டை அரைச் சுரம் இறங்கியிருந்தால் கடைசி வரிசையிலிருந்து சொல்கிறவர்கள் அவர்கள். மலைமேல் மணி அடித்தால் எந்தப் பூஜை என்று சொல்வார்கள். பக்கத்தில் நிற்கிற மகள் சொன்னது காதில் விழாமலா இருக்கும்? அந்த நான்கு வாக்கியங்களுக்கும் முன்னால் நான் சொல்லிக் கொடுத்தது இரண்டே சொல். ஒன்று எஸ், இன்னொன்று நோ. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பேண்டு சத்தம் என்று எழுதி, தன் இங்கிலீஷ்மீது பழியைப் போட்டுக்கொண்டு, அக்கா நல்ல பொண்ணு என்று முடித்திருக்கிறார்கள். மூன்று மீன் துண்டு இருந்தால் அம்மாவுக்கு மீன் பிடிக்காது.

மன்னிப்புக் கேட்டு அழாதே. அழுதால் அம்மா உன்னைத் தேற்றத் தொடங்கிவிடுவார்கள், பிறகு அது உன் துக்கம் ஆகிவிடும். பாட்டையும் வற்புறுத்திக் கேட்காதே. இங்கே வந்தால் ஞாயிற்றுக்கிழமை வசந்தி டீச்சர் ஆரம்பிக்கிற உயரத்தைத் தாங்க முடியாமல் தானாக எழுந்து நிற்பார்கள் என்று நைனா நம்புகிறார். நானும் நம்பிப் பார்க்கிறேன்.

பாவாவையும் குட்டியையும் கேட்டதாகச் சொல். ஒன்பதாம் தேதி அதிகாலையிலேயே மீனம்பாக்கத்தில் நானும் நைனாவும் நிற்போம்.

இவ்வளவு எழுதியும், கேட்க வேண்டியதை இன்னும் கேட்கவில்லை. நான்கு தடவை எழுதி அடித்தேன். வழியனுப்ப நீயே போ அக்கா, பாவாவை மட்டும் அனுப்பாதே. பெட்டியை எடை போடுகிற இடத்தில் கோட்டு போட்ட ஒருவர் இருப்பார், பின்னால் வரிசை நிற்கும், எல்லோரும் பார்ப்பார்கள். இந்த அம்மாவோடு யார் வந்திருக்கிறார்கள் என்று அவர் கேட்கலாம். கேட்காவிட்டாலும் நீயே சொல். அம்மாவின் தோளில் கையைப் போட்டு, "ஷீ இஸ் மை மதர்" என்று சொல். மெதுவாக வேண்டாம். அம்மா எடுத்துக் கொடுப்பார்களே, அந்தச் சத்தத்தில் சொல். அந்த இங்கிலீஷ் அம்மாவுக்குப் புரியும்.

பெர்சிஸ்